ஓடைக்கு இந்தப் பக்கம்

எங்கள் அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்து இன்றோடு ஓர் ஆண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், அக்காவோடு ஒன்றாக உட்கார்ந்து அண்டிப்பருப்பு உரித்த பெண்களுக்கும் என் வணக்கம். நான் அக்காவின் ஒரே தங்கை. என்னை எழுதச் சொன்னது அக்காவின் மகன் ஜெபின். ஆந்திராவிலிருந்து போனில் கூப்பிட்டு, "சித்தி, அம்மைய பத்தி நல்லதாட்டு நாலு வாக்கு எழுதித் தாங்க. நம்ம குடும்பத்துல உங்களுக்குத்தானே தமிழ் எழுத வரும்" என்றான். அது உண்மை. நான் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். ஜெபின் பாறசாலையில் மலையாளப் பள்ளியில் படித்தவன். தமிழ் நன்றாகப் பேசுவான், வாசிக்க வராது. அவன் கேட்டது நாலு வார்த்தை. நான் கொஞ்சம் அதிகமாகவே எழுதிவிட்டேன். இடது கையால் எழுதியதால் எழுத்துக் கோணலாக இருந்ததென்று அச்சகத்துக்காரர் சலித்துக்கொண்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அக்கா கேரளத்தில், குன்னத்துகால் பஞ்சாயத்தில், தமிழ்நாட்டு எல்லைக்கு மிக அருகில் உள்ள எங்கள் ஓட்டு வீட்டில் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா சந்தையில் சுமை தூக்கினார். அம்மா அண்டி ஆபீசுக்குப் போனார். முந்திரி ஆலையை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். ஆபீஸ் என்றதும் நாற்காலியும் மேசையும் மின்விசிறியும் நினைப்புக்கு வந்தால் நான் பொறுப்பல்ல. வறுத்த கொட்டையைத் தல்லி உடைக்கிற பெண்கள், பருப்பின் தோலை உரிக்கிற பெண்கள், தரம் பிரிக்கிற பெண்கள், எல்லோருக்கும் தரையும் ஒரு சிறிய மரப்பலகையும்தான். அம்மாவுக்கு நெஞ்சுவலி வந்து படுத்ததும், அம்மாவின் பலகையில் மறுநாளே அக்கா போய் உட்கார்ந்தார். அப்போது அக்காவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுத மூன்று மாதம் இருந்தது. பரீட்சை எழுதவில்லை. என்னைப் பத்தாம் வகுப்பு முடிக்க வைத்தது அக்காவின் விரல்கள்தான். இதை நான் மறந்தவளல்ல. மறந்திருந்தால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அக்காவின் கைத்திறமையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு பருப்பைக்கூட உடைக்கமாட்டார். முழுப்பருப்பு கடல் கடந்து வெளிநாட்டுக்குப் போகும். உடைந்தது உள்ளூர் மிட்டாய்க் கடைக்குப் போகும். அக்கா உரித்த பருப்பில் உள்ளூருக்குப் போனது மிகக் குறைவு. கொட்டையும் இந்த ஊரில் விளைந்ததல்ல. ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் சாக்குச் சாக்காக வரும். எங்கோ விளைந்து எங்கோ தின்னப் போகிற ஒரு பொருள், நடுவில் எங்கள் கைத்தோலைக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போகும். அமரவிளையில் வாழ்க்கைப்பட்டுப் போன அக்கா, அத்தான் இறந்ததும் ஜெபினோடு எங்கள் வீட்டுக்கே திரும்பி வந்தார். மறுபடியும் அதே பலகை. பத்து வருடத்துக்குள் மேஸ்திரி ஆனார். அவருக்குக் கீழே நாற்பது பெண்கள். அந்த நாற்பதில் நானும் ஒருத்தி.

இனி அந்த ஆபீஸ் நடந்த விதத்தைச் சொல்கிறேன். வெளியூர் உறவினர்களுக்கு இது தெரிந்திருக்காது.

முன்பக்கம் கேரளம். வறுக்கிற முற்றமும், தல்லுகிற கொட்டகையும், அதிகாரிகள் வந்தால் காட்டுகிற பலகையும் பதிவேடும் இங்கே. பின்பக்கம் மரச்சீனி என்கிற மரவள்ளித் தோட்டம், அதையடுத்து ஒரு சிறிய ஓடை. ஓடைதான் எல்லை. அதற்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் முதலாளி வேறொருவர் பேரில் ஒரு கொட்டகை எடுத்திருந்தார். காகிதத்தில் அது வெறும் சாக்குக் குடோன். கேரளத்தில் சட்டப்படி கொடுக்கவேண்டிய கூலி அதிகம், பிடித்தம் அதிகம், கேள்வி அதிகம். ஆகவே கேரளப் பதிவேட்டில் பத்துப் பதினைந்து பெண்களின் பேர்தான் இருக்கும். நாங்கள் நாற்பது பேர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கேரளத் தொழிலாளர் அதிகாரியின் ஜீப் வந்தால் வாசலில் மணி இரண்டு தடவை அடிக்கும். நாங்கள் அவரவர் பலகையை எடுத்துக்கொண்டு, ஓடையைத் தாண்டி, தமிழ்நாட்டில் போய் உட்கார்ந்துவிடவேண்டும். தமிழ்நாட்டு ஜீப் வந்தால் மூன்று தடவை. பலகையோடு திரும்பி கேரளத்துக்கு வந்துவிடவேண்டும். இந்த ஓட்டத்தை ஒழுங்குபடுத்தியது அக்கா. ஒரு பலகைகூடப் பின்னால் கிடக்கக்கூடாது. கிடந்தால் அந்தப் பலகைக்குரியவளுக்கு மறுநாள் வேலை கிடையாது.

எங்களுக்கு அது சிரிப்பாகத்தான் இருந்தது. "ஒரு நாளைக்கு நாலு தடவ வெளிமாநிலம் போயிட்டு வாற ஆளுகளாக்கும் நாம" என்று எங்களோடு உரிக்கிற மேரி சேச்சி சொல்லுவார். ஓடையைத் தாண்டும்போது சேலையைத் தூக்கிக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அக்கா மட்டும் சிரிக்கமாட்டார். கரையில் நின்று தலைகளை எண்ணுவார். வாசலில் மணி அடிக்கிற வேலை ஜெபினுக்கு. அப்போது அவனுக்கு இருபத்திரண்டு வயது. டிகிரி முடித்து வேலை இல்லாமல் இருந்தவனை முதலாளி அக்காவின் முகத்துக்காகக் கேட்டில் உட்கார வைத்திருந்தார்.

அந்த நாளுக்கு வருகிறேன். முந்திரிக்கொட்டையின் தோட்டிலிருந்து இறங்கும் எண்ணெயை நீங்கள் பார்த்திருக்கலாம். கறுப்பாக, பிசுபிசுவென்று இருக்கும். பச்சையாகப் பட்டாலே தோலைப் பொசுக்கிவிடும். அன்று அது அடுப்பில் ஒரு பெரிய சட்டியில் கொதித்துக்கொண்டிருந்தது. உரிக்கிற வேலை எனக்கு, ஆனாலும் அன்று அடுப்புக்காரி வராததால் அக்கா என்னைச் சட்டிக்கு அனுப்பியிருந்தார். மணி இரண்டு தடவை அடித்தது. பெண்கள் ஓடினார்கள். நானும் ஓடினேன். பாதி வழியில் என் பலகை கொட்டகையிலேயே கிடப்பது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போய் எடுத்தேன். மறுநாள் வேலை போய்விடுமே என்ற பயம். பலகையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு முற்றத்தைக் குறுக்கே கடந்தபோது அதன் முனை சட்டியின் பிடியில் மாட்டி இழுத்தது, சட்டி என் மேல் சாய்ந்தது.

வலியைப் பற்றி எழுதமாட்டேன். அதை எழுத எனக்குத் தமிழ் போதாது.

பதிவேட்டில் பேர் உள்ளவர்கள் கொட்டகைக்குள் இருந்தார்கள், அந்த நேரத்தில் முற்றத்தில் மூன்று பேர்தான் இருந்தோம். நான், தலை ஒன்று குறைகிறதென்று தேடி வந்த அக்கா, ஜீப் உள்ளே வந்துவிட்டதென்று சொல்ல ஓடி வந்த ஜெபின். முற்றத்து மூலையில் தண்ணீர்ப் பைப்பு இருந்தது. எட்டடி தூரம் இருக்கும். அதன் அடியில் நிறைந்த அண்டா இருந்தது. நான் அந்தத் திசையில்தான் தவழ்ந்தேன். அக்கா என்னைப் பிடித்தார். தோளில் கிடந்த தோர்த்துத் துண்டைச் சுருட்டி என் வாயில் திணித்தார்.

"மிண்டாதட்டி, மிண்டாத. ஆபீசர் முன்னால நிக்காரு. ஒரு நிமிசம் பொறுத்துக்கோ மக்கா."

என்னைத் தூக்கினார். அக்கா மெலிந்த உடம்பு. எங்கிருந்து அந்தப் பலம் வந்ததோ! பைப்புக்கு எதிர்த்திசையில், மரச்சீனித் தோட்டம் வழியாக, ஓடையைத் தாண்டி என்னைத் தூக்கிக்கொண்டு போனார். ஓடையில் அப்போது தண்ணீர் இல்லை, வெயில் காலம். அந்தப் பக்கக் கொட்டகையில் சாக்கின் மேல் கிடத்தினார். அங்கே குடிக்கிற பானையைத் தவிர வேறு தண்ணீர் கிடையாது. அதைத்தான் ஊற்றினார்கள். முன்பே, என்னைத் தூக்கிக்கொண்டு முற்றத்தை விட்டு இறங்கும்போது பின்னால் திரும்பிப் பார்த்து, "எலே ஜெபினே, நீ கேட்டுக்குப் போ. அவருக்குச் சாயா வாங்கிக் கொடு. அவரு போறது வர பேசிக்கிட்டு நில்லு" என்று அக்கா சொன்னது எனக்குக் கேட்டது. ஜெபின் போனான். சாயா வாங்கிக் கொடுத்தான். அதிகாரி சாயா குடித்து முடித்துப் போன பிறகுதான் ஆட்டோ வந்தது.

ஆட்டோவும் நெய்யாற்றின்கரைப் பக்கம் திரும்பவில்லை. அக்கா அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கே விடச் சொன்னார். காகிதம் அங்கிருந்தே தொடங்கவேண்டுமல்லவா! நர்ஸ் என்னிடம், "எங்க வச்சு நடந்தது?" என்று கேட்டாள். அக்கா என் நல்ல கையைப் பிடித்திருந்தார். அழுத்தினார். நான், "அங்க... ஓடைக்கு அந்தப் பக்கம்" என்றேன். ஆம், முதலில் பொய் சொன்னது என் வாய்தான். அதை எழுதிய காகிதத்தில் இடது கைப் பெருவிரலை மை தடவி ஒற்றியதும் நான்தான். இதை ஒளித்துவிட்டு அக்காவை மட்டும் குற்றம் சொன்னால் கர்த்தர் என்னை மன்னிக்கமாட்டார்.

வலது கண் போயிற்று. வலது கையில் மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. உடனே பச்சைத் தண்ணீர் நிறைய ஊற்றியிருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் அக்காவிடமே சொன்னார். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

நஷ்டஈடு கேட்டு மனுக் கொடுத்தபோது கேரளத்து அலுவலகம், விபத்து எங்கள் மாநிலத்தில் நடக்கவில்லையே என்றது. தமிழ்நாட்டு அலுவலகம், அங்கே ஆலையே இல்லை, சாக்குக் குடோன்தானே என்றது. நான் தொழிலாளியே அல்ல என்று ஆயிற்று. சங்கத்துக்காரர்கள் வந்து அக்காவிடம் சாட்சி கேட்டார்கள். அக்கா அவர்களுக்கு முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்து, "அங்க வச்சாக்கும். நான் கண்ணால கண்டதாக்கும்" என்றார். அவர்கள் போன பிறகு நான் அக்காவின் காலடியில் உட்கார்ந்து கேட்டேன், ஏனக்கா என்று.

"ஒனக்கு ஒரு கண்ணு போச்சு மக்கா. சம்மதிச்சேன். நீ கேசுக்குப் போனா ஆபீசு பூட்டும். நாப்பது வீட்டு அடுப்பு அணையும். ஒரு கண்ணுக்கு நாப்பது அடுப்பா? நீயே சொல்லு."

அந்த நாற்பது அடுப்பில் எங்கள் அடுப்பும் ஒன்று.

நாற்பது அடுப்பும் எரிந்ததா என்று கேட்கிறீர்களா? இரண்டு ஓணம் கழிவதற்குள் முதலாளி முன்பக்கத்தையும் பூட்டினார், பின்பக்கத்தையும் பூட்டினார். ஆந்திராவில் கூலி இன்னும் குறைவு, கேள்வி இன்னும் குறைவு, அங்கே ஓடை தாண்டி ஓடவும் வேண்டாம். சட்டியும் தராசும் லாரியில் ஏறிப் போயின. பலகைகளை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள், அங்கேயும் பலகை கிடைக்கும்தானே! எங்கள் பெண்களில் சிலர் தொழிலுறுதி என்கிற நூறு நாள் வேலைக்கு மண் வெட்டப் போனார்கள். சிலர் திருப்புறம், பூவாறு பக்கம் வீட்டு வேலைக்குப் போனார்கள். மேரி சேச்சி ஹோம் நர்சாகப் போய் எங்கோ ஒரு பணக்காரக் கிழவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார். லாரியோடு கூடப் போனது ஒரே ஒரு ஆள், ஜெபின். சூப்பர்வைசராகப் போனான், இப்போது மேனேஜர். அக்கா வாய் திறக்காததற்குக் கிடைத்தது அது. அக்கா அதைக் கேட்டு வாங்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேட்காமலே கொடுக்கிற அளவுக்கு முதலாளி புத்திசாலி.

விபத்துக்குப் பிறகு பதினொரு வருடம் நானும் அக்காவும் ஒரே வீட்டில் இருந்தோம். என் கை ஆறுகிற வரை அக்கா எனக்குச் சோறு பிசைந்து ஊட்டினார். தலை வாரிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை சபைக்குப் போகும்போது என் குருட்டுக் கண் பக்கமாகவே நடந்து வருவார், யாரும் இடித்துவிடக்கூடாதென்று. ஒரு தடவைகூட மன்னிப்புக் கேட்கவில்லை. அக்காவின் குணங்களில் இரும்பு போன்றது அதுதான்.

கடைசி ஒன்றரை வருடம் அக்காவுக்குச் சிறுநீரகம் போயிற்று. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ். நாளுக்கு இத்தனை டம்ளர் தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் அளவு வைத்தார். தாகம் அக்காவைப் பாடாய்ப் படுத்தியது. உதடு வெடித்துப் பிளந்தது. தண்ணீர் அளந்து கொடுக்கிற பொறுப்பு என் கையில். அந்த டம்ளரை வைத்துக்கொண்டு நான் செய்ததை உங்களிடம் சொல்லவேண்டும். வேறு எங்கே சொல்வேன்?

டாக்டர் தடுத்த தண்ணீரை நான் தடுக்கவில்லை. டாக்டர் அனுமதித்த தண்ணீரைத் தடுத்தேன். டம்ளரை அக்காவுக்கு எட்டாத தூரத்தில் பிடித்துக்கொண்டு, "எங்க வச்சுக்கா?" என்று கேட்பேன்.

"அங்க."

"ஓடைக்கு எந்தப் பக்கம்?"

"அந்தப் பக்கம்."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். குடிக்கமாட்டார். நான் டம்ளரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விடுவேன். திரும்பி வரும்போது டம்ளர் நிறைந்தபடியே இருக்கும். எத்தனையோ நாள் இப்படி. யார் பொல்லாதவள், அக்காவா நானா? எனக்குத் தெரியவில்லை. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள்தானே.

ஜெபின் லீவில் வந்திருந்த சமயம். அக்கா போவதற்கு நான்கு நாள் முன்பு. பகல் நேரம், ஜெபின் கட்டில் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தான். அன்று நான் கேள்வி கேட்கவில்லை. அவன் முன்னால் கேட்க வெட்கம். சும்மா டம்ளரை அக்காவின் உதட்டில் வைத்தேன். அக்கா ஒரு மிடறு குடித்தார். என் குருட்டுக் கண்ணையே பார்த்தார்.

"பைப்பு இங்கதான் இருந்நு மக்கா. நான் கண்டேன். அண்டாவுல தண்ணி நெறஞ்சு கெடந்நு. கண்டுட்டுத்தான் ஒன்னத் தூக்குனேன்."

பிறகு ஜெபினைப் பார்த்து, "நீயும் கண்டேல்லா லே?" என்றார்.

ஜெபின் தலையைக் குனிந்துகொண்டான். அக்கா மிச்சத் தண்ணீரையும் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். நான்காம் நாள் காலையில், நாங்கள் ஞானப்பாட்டுப் பாடிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் மூச்சு நின்றது.

அடக்கம் முடிந்ததும் ஜெபினிடம் கேட்டேன். என் பழைய மனுவைத் திரும்ப எடுக்கலாம், கண்ணால் கண்ட ஒரு சாட்சி எழுதிக் கொடுத்தால் போதும் என்று சங்கத்து வக்கீல் சொல்லியிருக்கிறார். உயிரோடு இருக்கும் சாட்சி அவன் ஒருவன்தான். எனக்குப் பெரிதாக ஒன்றும் கிடைக்கப்போவதில்லை. நான் அந்த இடத்தில் வேலை பார்த்தேன், அங்கே என் கண் போயிற்று என்று ஒரு காகிதம் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

"சித்தி, அம்மைக்கு அப்போ போதமே இல்ல. என்னெல்லாமோ பறஞ்சாங்க. அதொக்க விடுங்க" என்றான்.

"நீ தலையக் குனிஞ்சியே லே. ஒனக்குப் போதம் உண்டாயிருந்ததா இல்லியா?"

"எனக்கு அங்க ஜோலி இருக்கு சித்தி. பிள்ளைக ரெண்டு படிக்குது."

ஒரு வருடமாகப் போனில் இதே பதில்தான். போன மாதம்தான் புதிதாக ஒன்று சொன்னான், அம்மைக்கு மலர் போடவேண்டும், நல்லதாட்டு எழுதித் தாங்க என்று. எழுதிவிட்டேன் ஜெபினே. இதைவிட நல்லதாக எனக்கு எழுதத் தெரியாது.

இனி நன்றி சொல்லவேண்டும். டயாலிசிஸ் பிரிவில் அக்காவின் வெடித்த உதட்டுக்குத் தேங்காயெண்ணெய் தடவிய நர்சுகளுக்கு நன்றி. அக்காவை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன ஆட்டோக்காரத் தம்பிக்கும், வீட்டுக்கு வந்து ஜெபித்த போதகர் ஐயாவுக்கும் நன்றி. வேலை போன பிறகும் அக்காவை ஒரு வார்த்தை ஏசாமல் அடக்கத்துக்கு வந்து நின்ற அந்த முப்பத்தொன்பது பெண்களுக்கு நன்றி. முதலாளிக்கும் நன்றி. இன்று கூட்டம் முடிந்து சாயாவோடு உங்களுக்குத் தருகிற பருப்பு அவர் அனுப்பியதுதான். ஒன்றுகூட உடையாத முதல் தரம். சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும்.

கடைசியாக உங்களிடம் ஒரு உதவி. ஜெபின் இன்று முன்வரிசையில், அக்காவின் படத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்திருப்பான். இந்த மலர் அவன் மடியிலும் இருக்கும், அட்டைப் படத்தைத் தடவிக்கொண்டிருப்பான். அவனுக்கு இதை வாசிக்க வராது. நாளை மத்தியானம் அவனுக்கு ரயில். தமிழ் வாசிக்கத் தெரிந்த யாராவது ஒருவர் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டுங்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் உடனே கொடுத்துவிடுங்கள். நான் செய்ததுபோலச் செய்யவேண்டாம். அவன் குடித்து முடித்த பிறகு, அவனுடைய அம்மாவின் படத்துக்கு முன்னால் எல்லோரும் கேட்கக் கேளுங்கள், பைப்பு ஓடைக்கு எந்தப் பக்கம் இருந்தது என்று.